பேஸ்பால் பிளே-ஆஃப்: அதிக வெற்றி பெற்ற அணி ஏன் பாதியிலேயே வெளியேறுகிறது?

கேள்வி இது: "2025 எம்எல்பி (மேஜர் லீக் பேஸ்பால்) சீசனில் மில்வாக்கி புரூவர்ஸ் 97 ஆட்டங்களில் வென்றது. வேறு எந்த அணியும் அவ்வளவு வெல்லவில்லை. ஆனால் இறுதித் தொடரான வேர்ல்டு சீரிஸில் மோதியது லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸும் டொராண்டோ புளூ ஜேஸும். இது எப்படி? அமெரிக்க பேஸ்பாலில் பிளே-ஆஃப் எப்படித்தான் நடக்கிறது?"

ஆறு மாதம், 162 ஆட்டம் ஆடிச் சேர்க்கும் வெற்றிகள் அக்டோபரில் நடக்கும் பிளே-ஆஃபுக்குள் நுழைய இடம் வாங்கித் தரும். கூடவே சில சலுகைகளும் கிடைக்கும். அவ்வளவுதான். ஐபிஎல்லில் முதல் இரண்டு இடம் பிடித்த அணி ஒரு ஆட்டம் தோற்றாலும் இன்னொரு வாய்ப்பு வைத்திருக்கும். இங்கே அதுவும் கிடையாது, தொடரைத் தோற்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். சலுகைகள் என்னென்ன, அவை எவ்வளவு பெறும் என்பதைப் புரிந்துகொண்டால் மில்வாக்கிக்கு நடந்ததும் புரிந்துவிடும். 2025 சீசனில் ஏறக்குறைய எல்லா விதிக்கும் ஓர் உதாரணம் இருப்பதால் அதையே வைத்துச் சொல்கிறேன்.

மொத்தம் 30 அணிகள். அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்று இரண்டு பிரிவு, ஒவ்வொன்றிலும் 15 அணிகள். லீக்குக்குள் கிழக்கு, மத்திய, மேற்கு என்று மூன்று டிவிஷன்கள், டிவிஷனுக்கு ஐந்து அணிகள். ஒரு காலத்தில் இரண்டு லீக்குகளும் தனித்தனி நிறுவனங்கள், ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு திரிந்தவை. 1903-ல் இரண்டு லீக் சாம்பியன்களும் முதல்முறையாக மோதின, பாஸ்டன் வென்றது. அடுத்த வருடமே நேஷனல் லீக்கில் வென்ற நியூயார்க் ஜயன்ட்ஸ், "அந்த லீக்கோடு நாங்கள் ஏன் ஆட வேண்டும்?" என்று மறுத்துவிட்டதால் 1904-ல் வேர்ல்டு சீரிஸே நடக்கவில்லை. இன்று நிர்வாகம் ஒன்றுதான், இரண்டு லீக் அணிகளும் சீசன் முழுக்கக் கலந்து ஆடுகின்றன. ஆனாலும் பிளே-ஆஃபில் மட்டும் அந்தப் பழைய கோடு அழியவில்லை. ஒரு லீக்கின் அணி மறு லீக்கின் அணியைக் கடைசித் தொடரில்தான் சந்திக்க முடியும்.

பேஸ்பாலில் டிரா இல்லை, புள்ளியும் இல்லை, வெற்றி-தோல்வி மட்டும்தான். பட்டியலில் "இத்தனை ஆட்டம் பின்னால்" என்று ஒரு கணக்கு இருக்கும். முதல் அணிக்கும் அடுத்த அணிக்கும் உள்ள வெற்றி வித்தியாசத்தையும் தோல்வி வித்தியாசத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் அது வரும். இரு அணிகளும் ஒரே எண்ணிக்கையில் ஆட்டங்களை ஆடியிருக்காத நாட்களில் அரை ஆட்டம் என்று வருவது இதனால்தான்.

ஒவ்வொரு லீக்கிலிருந்தும் ஆறு அணிகள் பிளே-ஆஃபுக்குப் போகும். மூன்று டிவிஷன்களிலும் முதலிடம் பிடித்த மூன்று அணிகளுக்கு 1, 2, 3 என்ற தரவரிசை. மீதமுள்ளவற்றில் அதிக வெற்றி பெற்ற மூன்று அணிகள் வைல்டு கார்டு மூலம் 4, 5, 6-ஆக உள்ளே வரும். இந்த ஏற்பாடு 2022 முதல் நடப்பில் இருக்கிறது.

இதில் ஒரு விஷயம் பலருக்கு உறுத்தும். டிவிஷனை வென்ற அணிக்கு எவ்வளவு குறைந்த வெற்றி இருந்தாலும் வைல்டு கார்டு அணிக்கு மேலேதான் இடம். 2025 அமெரிக்கன் லீக்கைப் பாருங்கள். கிழக்கில் டொராண்டோ புளூ ஜேஸ் 94 வெற்றி, நியூயார்க் யாங்கீஸும் 94 வெற்றி. மேற்கில் சியாட்டில் மரைனர்ஸ் 90 வெற்றியோடு முதலிடம். மத்தியில் கிளீவ்லாந்து கார்டியன்ஸ் 88. வரிசை இப்படி ஆனது: டொராண்டோ 1, சியாட்டில் 2, கிளீவ்லாந்து 3, யாங்கீஸ் 4. 94 ஆட்டங்களை வென்ற யாங்கீஸ், 88 வென்ற கிளீவ்லாந்துக்குக் கீழே! ஒரே டிவிஷன் அணிகள் முன்பெல்லாம் தங்களுக்குள்ளேயே மிக அதிகமாக மோதிக்கொண்டதால் டிவிஷனை வெல்வது தனிச் சாதனை என்று சொல்ல முடிந்தது. 2023-ல் அட்டவணையை மாற்றி, டிவிஷன் எதிரி ஒவ்வொன்றுடனும் 13 ஆட்டம்தான் என்று குறைத்துவிட்டார்கள். மற்ற 29 அணிகளோடும் எல்லோரும் ஆடுகிறார்கள். அதன்பிறகு இந்த நியாயம் கொஞ்சம் வலுவிழந்துவிட்டது என்பது என் எண்ணம்.

சரி, டொராண்டோவும் யாங்கீஸும் சமமாக 94 என்றால் முதலிடத்தை எப்படி முடிவு செய்தார்கள்? இரு அணிகளும் நேருக்கு நேர் மோதிய 13 ஆட்டங்களில் டொராண்டோ 8, யாங்கீஸ் 5. கதை முடிந்தது. அதிலும் சமம் என்றால் சொந்த டிவிஷன் அணிகளுக்கு எதிரான கணக்கு என்று அடுத்தடுத்த படிகள் உண்டு, ஆனால் பெரும்பாலும் முதல் படியிலேயே தீர்ந்துவிடும்.

2022-க்கு முன்னால் இப்படி இல்லை. இடம் தீர்மானிக்க வேண்டிய சமநிலை வந்தால் ஒரு கூடுதல் ஆட்டம், 163-வது ஆட்டம், ஆடுவார்கள். 1978-ல் பாஸ்டனும் யாங்கீஸும் ஆடியதை இன்றும் பாஸ்டன்காரர்கள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் பேசுவார்கள், அதில் யாங்கீஸின் பக்கி டென்ட் அடித்த ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி வேலியைத் தாண்டும் அடி) அப்படி. 2018-ல் ஒரே நாளில் இரண்டு 163-வது ஆட்டங்கள் நடந்தன. இப்போது தொலைக்காட்சி அட்டவணையும் ஓய்வு நாட்களும் கறாராக இருப்பதால் அதை எடுத்துவிட்டார்கள். பேஸ்பாலுக்கே உரிய ஒரு சுவாரசியம் போய்விட்டது, எனக்கு அதில் வருத்தம்தான்.

நேருக்கு நேர் கணக்கு எவ்வளவு கொடூரமாக வெட்டும் என்பதற்கு நியூயார்க் மெட்ஸ் நல்ல சாட்சி. 2022-ல் மெட்ஸும் அட்லாண்டா பிரேவ்ஸும் ஆளுக்கு 101 வெற்றி. நேரடி மோதலில் பிரேவ்ஸ் 10, மெட்ஸ் 9. அந்த ஒரே ஆட்டத்தால் பிரேவ்ஸுக்கு டிவிஷனும் முதல் சுற்று ஓய்வும், மெட்ஸுக்கு வைல்டு கார்டு. சான் டியாகோ பாட்ரேஸ் வந்து மெட்ஸை அவர்கள் மைதானத்திலேயே வீழ்த்திவிட்டுப் போனது. 2025-ல் இன்னும் மோசம். ஜூன் மாதத்தில் 45 வெற்றி, 24 தோல்வி என்று பேஸ்பாலிலேயே முதலிடத்தில் இருந்தவர்கள், கடைசி நாளில் சின்சினாட்டி ரெட்ஸோடு கடைசி வைல்டு கார்டுக்கு மல்லுக்கட்டும் நிலைக்கு வந்தார்கள். செப்டம்பர் 28 அன்று ரெட்ஸ் தோற்றது. மெட்ஸ் வென்றிருந்தால் உள்ளே போயிருக்கும். மியாமியிடம் 4-0 என்று தோற்றது. இருவருக்கும் 83 வெற்றி, நேரடிக் கணக்கில் ரெட்ஸ் முன்னிலை. மெட்ஸ் வீட்டுக்கு.

இடையில் 2024-ல் நடந்ததைச் சொல்லாமல் போக முடியாது. செப்டம்பர் கடைசி வாரத்தில் ஹெலீன் புயல் வந்ததால் அட்லாண்டாவில் நடக்க வேண்டிய மெட்ஸ்-பிரேவ்ஸ் ஆட்டங்கள் இரண்டு தள்ளிப்போயின. எல்லா அணிகளும் சீசனை முடித்துவிட்ட மறுநாள், செப்டம்பர் 30 திங்கட்கிழமை, இந்த இரண்டையும் ஒரே நாளில் ஆடவேண்டி வந்தது. அரிசோனா டைமண்ட்பேக்ஸ் 89 வெற்றியோடு ஆட்டங்களை முடித்துவிட்டுக் காத்திருந்தது. மெட்ஸோ பிரேவ்ஸோ, யாராவது ஒருவர் இரண்டு ஆட்டத்தையும் வென்றால் தோற்றவர் வெளியே, அரிசோனா உள்ளே. ஆளுக்கு ஒன்று வென்றால் அரிசோனா வெளியே. முதல் ஆட்டத்தில் மெட்ஸ் பின்தங்கி, எட்டாவது இன்னிங்ஸில் (ஒரு ஆட்டத்துக்கு வழக்கமாக ஒன்பது இன்னிங்ஸ்) ஆறு ரன் எடுத்து முந்தி, மறுபடி பின்தங்கி, ஒன்பதாவது இன்னிங்ஸில் பிரான்சிஸ்கோ லிண்டோர் அடித்த இரண்டு ரன் ஹோம் ரனால் 8-7 என்று வென்றது. உள்ளே போவது உறுதியானதால் இரண்டாவது ஆட்டத்தில் மெட்ஸுக்கு உயிரைக் கொடுத்து ஆட வேண்டிய அவசியம் இல்லை, பிரேவ்ஸ் 3-0 என்று வென்றது. மூன்று அணிக்கும் 89 வெற்றி. அரிசோனாவுக்கு எதிராக மெட்ஸுக்கும் பிரேவ்ஸுக்கும் சாதகமான கணக்கு. சம்பந்தமே இல்லாத ஒரு மைதானத்தில் அரிசோனாவின் சீசன் முடிந்தது. மெட்ஸும் பிரேவ்ஸும் அன்றிரவே விமானம் ஏறி மறுநாள் வேறு ஊரில் பிளே-ஆஃப் ஆட்டத்துக்கு இறங்கினார்கள்.

இனி சுற்றுகள். முதலாவது வைல்டு கார்டு தொடர். 3-ம் அணி 6-ம் அணியோடும், 4-ம் அணி 5-ம் அணியோடும் மோதும். மூன்று ஆட்டம், முதலில் இரண்டு வென்றவர் அடுத்த சுற்றுக்கு. மூன்று ஆட்டமும் தரவரிசையில் மேலே உள்ள அணியின் மைதானத்தில்தான், அடுத்தடுத்த மூன்று நாளில். விருந்தாளி அணியின் ரசிகர்களுக்கு உள்ளூரில் ஒரு ஆட்டம்கூடக் கிடைக்காது. கிளீவ்லாந்து 2025-ல் அப்படித்தான் டெட்ராய்ட் டைகர்ஸை வரவேற்றது. அதன் பின்னணி சுவையானது: ஒரு கட்டத்தில் டைகர்ஸுக்குப் பதினைந்தரை ஆட்டம் பின்னால் இருந்த கிளீவ்லாந்து, துரத்திப் பிடித்து டிவிஷனையே தட்டிப் பறித்திருந்தது. ஆனால் வைல்டு கார்டு தொடரில் டைகர்ஸ் கிளீவ்லாந்திலேயே 2-1 என்று வென்று கணக்கைத் தீர்த்துவிட்டது. அதே நாட்களில் யாங்கீஸ் முதல் ஆட்டத்தை பாஸ்டனிடம் தோற்றுவிட்டு அடுத்த இரண்டையும் வென்றது. 2022-ல் இந்த அமைப்பு வந்த பிறகு முதல் ஆட்டத்தைத் தோற்றும் இந்தத் தொடரை வென்ற முதல் அணி அதுதான். மூன்றே ஆட்டம் என்றால் முதல் நாள் சறுக்கல் எவ்வளவு பெரியது என்று இதிலிருந்தே தெரியும்.

1-ம், 2-ம் அணிகள் இந்தச் சுற்றை ஆடாது. 'பை' வாங்கி நேராக அடுத்த சுற்றுக்குப் போய்விடும். இதுதான் ரெகுலர் சீசன் தரும் மிகப் பெரிய பரிசு என்று சொல்கிறார்கள். உண்மையில் எவ்வளவு பெரியது?

இங்கே பிட்சர்களை, அதாவது பந்து எறிபவர்களை, பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பிளே-ஆஃபே புரியாது. ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் ஒரே நாளில் 90, 100 பந்து முழு வேகத்தில் எறிவார். அப்புறம் நான்கைந்து நாள் அவர் தோளுக்கு ஓய்வு வேண்டும். அதனால் சீசனில் ஐந்து பேரைச் சுழற்சியில் வைத்திருப்பார்கள். கிரிக்கெட்டில் பும்ரா எல்லா ஆட்டத்திலும் நான்கு ஓவர் போடலாம். இங்கே உங்கள் சிறந்த ஆள் ஐந்து ஆட்டத் தொடரில் இரண்டு ஆட்டம் தொடங்கினாலே அதிகம். வைல்டு கார்டு தொடர் ஆடும் அணி தன் முதல்தரப் பிட்சர்களை அங்கேயே செலவழித்துவிட்டு வரும். பை வாங்கிய அணி அவர்களைப் புத்துணர்ச்சியோடு முதல் ஆட்டத்தில் இறக்கலாம்.

2025-ல் டைகர்ஸின் டாரிக் ஸ்கூபல், லீக்கிலேயே சிறந்த பிட்சர், செப்டம்பர் 30 அன்று கிளீவ்லாந்துக்கு எதிராக எறிந்தார். சியாட்டிலுக்கு எதிரான அடுத்த தொடரில் இரண்டாவது ஆட்டம், ஐந்தாவது ஆட்டம் ஆகிய இரண்டுக்குத்தான் அவர் கிடைத்தார். முதல் ஆட்டத்தில் அவர் இருந்திருந்தால் என்று டெட்ராய்டில் இன்னும் பேசிக்கொண்டிருப்பார்கள். இத்தனைக்கும் அவர் தொடங்கிய இரண்டு ஆட்டத்தையும் வென்றது சியாட்டில்தான்!

மறுபக்கம், பை வாங்கிய அணியின் பேட்டர்கள் ஐந்து நாள் சும்மா இருக்கிறார்கள். ஆறு மாதமாக ஏறக்குறைய தினமும் மணிக்கு 150 கிலோமீட்டர் வேகப் பந்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஐந்து நாள் இடைவெளி பெரிது என்ற வாதம் உண்டு. 2023-ல் அது உச்சத்துக்குப் போனது. 104 ஆட்டம் வென்ற பிரேவ்ஸ், 101 வென்ற பால்டிமோர் ஓரியோல்ஸ், 100 வென்ற டாட்ஜர்ஸ், மூன்றுமே முதல் தொடரிலேயே வெளியேறின. மூன்று அணியும் சேர்ந்து அந்தச் சுற்றில் வென்றது ஒரே ஒரு ஆட்டம். ஆனால் 2022 முதல் 2025 வரையிலான நான்கு வருடத்தையும் சேர்த்துப் பார்த்தால் பை வாங்கிய அணிகள் 16 தொடர்களில் 9-ஐ வென்றிருக்கின்றன. சாபமும் இல்லை, பெரிய வரமும் இல்லை. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: பை வாங்கிய அணி ஒரு சுற்றை ஆடாமலே தாண்டிவிட்டது. அந்தச் சுற்றில் தோற்றுப் போகும் ஆபத்தே அதற்கு இல்லை. என்னைக் கேட்டால் பரிசு அங்கேதான் இருக்கிறது, ஓய்வில் இல்லை.

அடுத்தது டிவிஷன் தொடர். ஐந்து ஆட்டம், மூன்று வென்றவர் ஜெயம். முதல் இரண்டு ஆட்டம் மேல்தரவரிசை அணியின் ஊரில், அடுத்த இரண்டு மற்றவர் ஊரில், ஐந்தாவது மீண்டும் முதலாமவர் ஊரில். இங்கே அணிகளை மறுபடி வரிசைப்படுத்த மாட்டார்கள். 1-ம் அணி எப்போதும் 4-5 மோதலில் வென்றவரைச் சந்திக்கும், 2-ம் அணி 3-6 மோதலில் வென்றவரை. இதனால் ஒரு விசித்திரம்: 6-ம் அணி முதல் சுற்றில் வென்றாலும் 1-ம் அணிக்கு அது கிடைக்காது. 2025-ல் முதலிடம் பிடித்த டொராண்டோவுக்கு வந்தது 94 வெற்றி பெற்ற யாங்கீஸ். இரண்டாமிடம் பிடித்த சியாட்டிலுக்கு வந்தது 87 வெற்றி பெற்ற டெட்ராய்ட். முதலிடம் பிடித்ததற்குத் தண்டனையா என்று டொராண்டோ ரசிகர்கள் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். (டொராண்டோ 3-1 என்று வென்றுவிட்டதால் யாரும் கேட்கவில்லை.)

சியாட்டில்-டெட்ராய்ட் ஐந்தாவது ஆட்டம் 15 இன்னிங்ஸ் போனது. சீசன் ஆட்டங்களில் பத்தாவது இன்னிங்ஸிலிருந்து இரண்டாவது பேஸில் (ரன் எடுக்க ஓடித் தொடவேண்டிய நான்கு இடங்களில் இரண்டாவது) ஒரு ரன்னரைச் சும்மா நிறுத்திவைத்து ஆட்டத்தைச் சீக்கிரம் முடித்துவிடுவார்கள். பிளே-ஆஃபில் அந்த விதி கிடையாது. முடியும்வரை ஆடவேண்டியதுதான். அக்டோபர் 10 இரவு சியாட்டிலில் ஹோர்ஹே போலான்கோவின் அடியில் 3-2 என்று முடிந்தது. இரு அணிக்குமே தோற்றால் வெளியே என்ற நிலையில் ஆடப்பட்ட ஆட்டங்களில் பிளே-ஆஃப் வரலாற்றிலேயே நீளமானது அதுதான். மழைக்கும் தனி விதி. சீசனில் ஐந்து இன்னிங்ஸ் ஆனால் முடிவு அறிவித்துவிடலாம். பிளே-ஆஃபில் நிறுத்திய இடத்திலிருந்து பிறகு தொடர்வார்கள். 2008 வேர்ல்டு சீரிஸின் ஐந்தாவது ஆட்டம் அப்படி நடுவில் நின்று இரண்டு நாள் கழித்து முடிந்தது.

மூன்றாவது சுற்று லீக் சாம்பியன்ஷிப். ஏழு ஆட்டம், நான்கு வென்றவர் லீக் சாம்பியன். இரண்டு இங்கே, மூன்று அங்கே, இரண்டு மீண்டும் இங்கே. நாடு முழுக்கப் பறக்க வேண்டியிருப்பதால் பயணத்தைக் குறைக்கும் கணக்கு அது.

மில்வாக்கி மாட்டிக்கொண்டது இங்கேதான். டாட்ஜர்ஸ் 93 வெற்றிதான் பெற்றிருந்தது, மூன்றாம் தரவரிசை. சீசனில் இரு அணிகளும் ஆறு முறை மோதியதில் ஆறிலும் மில்வாக்கி வெற்றி. அக்டோபரில் நான்கு ஆட்டம், நான்கிலும் டாட்ஜர்ஸ், ஒயிட்வாஷ். மில்வாக்கி ஆட்டத்துக்கு ஒரு ரன் வீதம் மொத்தம் நான்கு ரன்தான் எடுத்தது.

காரணம் மந்திரம் ஒன்றுமில்லை. டாட்ஜர்ஸின் பிட்சர்களில் பிளேக் ஸ்னெல்லும் டைலர் கிளாஸ்நோவும் சீசனில் மாதக்கணக்கில் காயத்தில் இருந்தார்கள். ஷோஹெய் ஓடானி ஜூனில்தான் மறுபடி பிட்ச் செய்யவே ஆரம்பித்தார். அக்டோபரில் மூவரும் தயார், கூட யோஷினோபு யமமோட்டோ. இந்த நான்கு பேர்தான் அந்த நான்கு ஆட்டத்தையும் தொடங்கினார்கள். ஸ்னெல் எட்டு இன்னிங்ஸ் ரன்னே கொடுக்கவில்லை. யமமோட்டோ ஒன்பது இன்னிங்ஸையும் தானே எறிந்து முடித்தார். நான்காவது ஆட்டத்தில் ஓடானி பத்து பேரை ஸ்ட்ரைக் அவுட் (பந்தை அடிக்கவே விடாமல் அவுட்) செய்ததோடு பேட்டிங்கில் மூன்று ஹோம் ரன் அடித்தார். 93 வெற்றி பெற்ற அணியும் அக்டோபரில் களமிறங்கிய அணியும் பெயரளவில்தான் ஒன்று. மில்வாக்கியின் பலம் நேர்மாறானது. நாளுக்கு நாள் யாரையாவது மாற்றி இறக்கி, ஆழமான கூட்டத்தை வைத்து ஆறு மாதம் ஓடும் அணி அது. ஐந்தாவது பிட்சருக்கு வேலையே இல்லாத, இடையிடையே ஓய்வு நாள் வரும் அக்டோபரில் அந்த ஆழத்துக்கு மதிப்பு குறைவு.

இதோடு வெறும் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எதிரணி யாராக இருந்தாலும் ஒவ்வொரு ஆட்டத்திலும் வெல்ல 55 சதவீத வாய்ப்புள்ள நல்ல அணி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஐந்து ஆட்டத் தொடரை அது வெல்லும் வாய்ப்பு 59 சதவீதம், ஏழு ஆட்டத் தொடரை வெல்ல 61 சதவீதம். டிவிஷன் தொடர், லீக் சாம்பியன்ஷிப், வேர்ல்டு சீரிஸ் மூன்றையும் வரிசையாக வெல்லும் வாய்ப்பு? சுமார் 22 சதவீதம். மூன்றிலும் வெல்லக்கூடிய அணியாகக் கருதப்பட்டும் ஐந்தில் ஏறக்குறைய நான்கு முறை கோப்பை கைநழுவும். 2001-ல் 116 ஆட்டம் வென்ற சியாட்டில் வேர்ல்டு சீரிஸைக்கூட எட்டவில்லை. 2022-ல் 111 வென்ற டாட்ஜர்ஸ், 89 வென்ற பாட்ரேஸிடம் முதல் தொடரிலேயே விழுந்தது. 2006-ல் 83 ஆட்டமே வென்ற செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் கோப்பையைத் தூக்கியது. டிவிஷன் தொடரையாவது ஏழு ஆட்டமாக்கலாம் என்று நினைக்கிறேன். வாய்ப்பு ஒன்றிரண்டு சதவீதம்தான் மாறும், ஆனால் நான்காவது பிட்சரையும் சோதிக்க வேண்டிவரும், அது நீண்ட சீசனுக்கு நெருக்கமான சோதனை.

கடைசியில் வேர்ல்டு சீரிஸ். இதுவும் ஏழு ஆட்டம், அதே 2-3-2. யாருக்கு நான்கு ஆட்டம் சொந்த ஊரில் என்பது இப்போது சீசன் வெற்றிக் கணக்கைப் பொறுத்தது. 2017 முதல்தான் இப்படி. அதற்கு முன் நடந்த கூத்து வேறு. 2002 ஆல்-ஸ்டார் ஆட்டம், அதாவது இரு லீக் நட்சத்திரங்களின் காட்சி ஆட்டம், பிட்சர்கள் தீர்ந்துபோய் 7-7 என்று சமமாக முடிந்தது. அவமானத்தைத் துடைக்க, இனி அந்த ஆட்டத்தை வெல்லும் லீக்குக்குத்தான் வேர்ல்டு சீரிஸில் மைதானச் சாதகம் என்று 2003-ல் விதி போட்டார்கள். ஜூலையில் நடக்கும் ஒரு கேளிக்கை ஆட்டம் அக்டோபர் இறுதியைத் தீர்மானித்தது! 2016-ல் 103 வெற்றி பெற்ற சிகாகோ கப்ஸ், 94 வெற்றி பெற்ற கிளீவ்லாந்தின் ஊரில் போய் ஏழாவது ஆட்டம் ஆட வேண்டியிருந்தது. பத்தாவது இன்னிங்ஸில் வென்று 108 வருடக் காத்திருப்பை முடித்ததால் யாரும் புலம்பவில்லை. நல்லவேளை அந்த விதியை எடுத்துவிட்டார்கள்.

2025-ல் டொராண்டோ 94, டாட்ஜர்ஸ் 93. ஒரே ஒரு வெற்றி வித்தியாசத்தில் ஆறாவது, ஏழாவது ஆட்டங்கள் டொராண்டோவுக்குக் கிடைத்தன. 1993-க்குப் பிறகு வேர்ல்டு சீரிஸ் பார்க்காத ஊர். இரண்டையும் தோற்றது. ஏழாவது ஆட்டத்தில் ஒன்பதாவது இன்னிங்ஸில் 4-3 என்று முன்னிலை, கோப்பைக்கு இன்னும் இரண்டே அவுட். அப்போது, அதிகம் ஹோம் ரன் அடிக்காத டாட்ஜர்ஸின் மிகெல் ரோஹாஸ் ஒன்றை அடித்துச் சமன் செய்தார். அதே இன்னிங்ஸில் யமமோட்டோ பிட்ச் செய்ய வந்தார். முந்தைய நாள்தான் 96 பந்து எறிந்து ஆறாவது ஆட்டத்தை வென்று கொடுத்தவர். நான்கைந்து நாள் ஓய்வு வேண்டும் என்று மேலே சொன்னேனே, அந்த மனிதர் மறுநாளே வந்து இரண்டே முக்கால் இன்னிங்ஸுக்குக் கொஞ்சம் குறைவாக, 34 பந்து எறிந்தார். 11-வது இன்னிங்ஸில் வில் ஸ்மித்தின் ஹோம் ரன், 5-4. இப்படி ஒரு பிட்சரைப் பிழிவதை மே மாதத்தில் எந்தப் பயிற்சியாளரும் கனவிலும் செய்யமாட்டார். நாளை என்று ஒன்று இல்லாததால்தான் அக்டோபரில் எல்லாம் நடக்கிறது.

அணிப் பட்டியல் விதி ஒன்றும் இதில் உதவுகிறது. ஒவ்வொரு தொடருக்கும் 26 பேரை அணி புதிதாகத் தேர்வு செய்யலாம், எதிரணிக்கு ஏற்ப மாற்றலாம். தொடரின் நடுவே காயம் என்று ஒருவரை மாற்றினால் அவர் அடுத்த சுற்றிலும் ஆட முடியாது. டொராண்டோவின் ஆந்தனி சாண்டாண்டர் அப்படித்தான் சியாட்டில் தொடரில் முதுகு வலியால் வெளியேறி வேர்ல்டு சீரிஸைப் பார்வையாளராகப் பார்த்தார். ஆகஸ்ட் முடிந்த பிறகு வேறு அணியிலிருந்து வாங்கிய ஆளையும் பிளே-ஆஃபில் ஆடவிட மாட்டார்கள்.

இந்த அமைப்பு ஏன் இவ்வளவு அகலமானது என்று கேட்பீர்கள். 1968 வரை பிளே-ஆஃப் என்றே ஒன்று கிடையாது, லீக் முதலிடம் நேராக வேர்ல்டு சீரிஸுக்கு. 1969-ல் லீக்கை இரண்டாகப் பிரித்து ஒரு சுற்றைச் சேர்த்தார்கள். 1993-ல் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் 103 வென்றும் 104 வென்ற பிரேவ்ஸால் வெளியே நின்றது. அடுத்த வருடம் வேலைநிறுத்தத்தால் வேர்ல்டு சீரிஸே ரத்து. 1995-ல் வைல்டு கார்டு நடைமுறைக்கு வந்தது. 2012-ல் லீக்குக்கு இரண்டு வைல்டு கார்டு, அவர்களுக்குள் ஒரே ஆட்டம், தோற்றால் காலி. 2015-ல் 98 வென்ற பிட்ஸ்பர்க் அப்படி ஒரே இரவில் போனது. கொரோனா வருடமான 2020-ல் மட்டும் 16 அணிகள். 2021 டிசம்பரில் முதலாளிகள் வீரர்களை 99 நாள் கதவடைத்து வைத்தார்கள். அந்தப் பேரத்தில் முதலாளிகள் 14 அணிகள் கேட்க, வீரர் சங்கம் 12-க்கு இறங்கி வந்தது. பாதிப் பேர் உள்ளே போகலாம் என்றால் எந்த முதலாளி நல்ல வீரருக்குக் காசு செலவழிப்பான் என்பது சங்கத்தின் பயம். முதலாளிகளுக்கு வேண்டியது தொலைக்காட்சிப் பணம்.

வீரர்களுக்கும் பிளே-ஆஃப் டிக்கெட் வசூலில் பங்கு உண்டு. ஆனால் வைல்டு கார்டு சுற்றுக்குப் பிறகு டிவிஷன் தொடரில் முதல் மூன்று ஆட்டம், பெரிய தொடர்களில் முதல் நான்கு ஆட்டம், இவற்றின் வசூலிலிருந்து மட்டும்தான். தொடரை வேண்டுமென்றே இழுத்து லாபம் பார்க்க வழியில்லாமல் வைத்திருக்கிறார்கள்.

அடுத்த சீசனைப் பின்தொடர்வதாக இருந்தால் செப்டம்பரில் மூன்றைக் கவனியுங்கள்: ஒவ்வொரு லீக்கிலும் இரண்டாவது, மூன்றாவது டிவிஷன் சாம்பியன்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் (பை அங்கேதான் தீரும்), கடைசி வைல்டு கார்டுக்கு மோதும் அணிகளின் நேருக்கு நேர் கணக்கு, எந்தெந்தப் பிட்சர் காயத்திலிருந்து திரும்பி வருகிறார் என்பது. வெற்றிப் பட்டியலைவிட கடைசியாகச் சொன்னதுதான் அக்டோபரைப் பற்றி அதிகம் சொல்லும். அமெரிக்கக் கிழக்கு நேரம் இரவு எட்டு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்குக் காலை ஐந்தரை. 2025 வேர்ல்டு சீரிஸின் மூன்றாவது ஆட்டம் 18 இன்னிங்ஸ் ஓடி முடியும்போது இங்கே மதியம் பன்னிரண்டு தாண்டிவிட்டது. வார நாளில் பார்ப்பதென்றால் ஆபீஸில் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்.